விபத்துக்கு வேறொருவர் காரணம் என்றால், இழப்பீடு யார் தருவது?

 

வேலை செய்யும் இடத்தில் கணவரையோ மகனையோ இழந்துவிட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தார் பலர் சொல்வது இதுதான்: “முதலாளி மேல் தப்பில்லையாம். விபத்துக்குக் காரணமானவனிடம் போய்க் கேட்கச் சொல்கிறார்.” இந்தப் பதில் சட்டப்படி சரியல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காண்ட்ராக்டர் ஒருவரிடம் பெயின்ட் வேலை செய்யும் சகோதரருக்கு வயது 35, மாதக் கூலி ரூ.12,000. அதே கட்டடத்தில் வேறொரு கம்பெனியின் கிரேன் ஓட்டுநர் கவனமின்றி இயக்கியதில் இரும்புக் கம்பி விழுந்து அவர் இறந்துவிடுகிறார். காண்ட்ராக்டர் மீது ஒரு தவறும் இல்லை. ஆனாலும் இழப்பீடு தரவேண்டியவர் அவர்தான். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நடந்த விபத்தா என்பதையே சட்டம் பார்க்கிறது. கூலியில் பாதியான 6,000-ஐ, 35 வயதுக்குரிய 197.06 என்ற எண்ணால் பெருக்கினால் ரூ.11,82,360 வருகிறது.

அப்படியானால் தவறு செய்யாத முதலாளிக்கு இது அநீதி இல்லையா? இல்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அவருக்கும் வழி வைத்திருந்தது. தொழிலாளி குடும்பத்துக்குக் கொடுத்த தொகையை, விபத்துக்குச் சட்டப்படி பொறுப்பான கிரேன் கம்பெனியிடமிருந்து அவர் திரும்பப் பெறலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு உள்ளது. முதலில் குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டும், வசூல் பிறகு. வசூலாகும்வரை குடும்பம் காத்திருக்கத் தேவையில்லை.

தொழில் செய்யும் சகோதரர்களுக்கு: இழப்பீட்டைக் குடும்பத்தார் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில்தான் கட்டவேண்டும். மூன்று மாதக் கூலிக்கு உட்பட்ட முன்பணம் தவிர, கையில் கொடுத்தது கணக்கில் வராது. ஒரு மாதத்துக்குமேல் தாமதித்தால் 12 சதவீத வட்டி சேரும். முதல் தகவல் அறிக்கை, பணம் கட்டிய ரசீது, ஆணையரின் உத்தரவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மற்றவரிடம் வசூலிக்க அவையே ஆதாரம்.

குடும்பத்தாருக்கு: இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் முத்திரைத்தாளை நீட்டி, “எனக்கு வேறு எதுவும் வேண்டாம்” என்று கையெழுத்து கேட்பவர்கள் உண்டு. போடவேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டால், மனுப்போட வேண்டிய இரண்டு ஆண்டுக் கெடு கடந்துவிடும்.

சாலை விபத்தானால் கவனம் தேவை. முதலாளியிடம் இழப்பீடு கேட்பது ஒரு வழி. வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இடித்த வண்டியின் இன்சூரன்ஸிடம் கேட்பது மற்றொரு வழி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதில் கூடுதலாகக் கிடைக்கும் என்று வக்கீலிடம் கேட்டு, ஆறு மாதத்துக்குள் முடிவெடுப்பது நல்லது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்கு முதலாளியிடம் அல்ல, இ.எஸ்.ஐ. அலுவலகத்திலேயே உதவித்தொகை கேட்கவேண்டும்.

இழப்பீடு ஸதகா அல்ல, அநாதைகளின் ஹக். அதைக் கேட்பதில் வெட்கமில்லை, கொடுப்பதில் தயக்கமும் வேண்டாம். மனு எழுதவும் ஆவணங்களைச் சரிபார்க்கவும் உதவி தேவைப்படுவோர் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடன் வந்து உதவுகிறோம்.