பட்டம் வந்தது, உத்தியோகம் எங்கே?

சித்திரை, வைகாசி மாதங்களில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ எந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும், முதலில் வருகிற பேச்சு மாம்பழத்தைப் பற்றியதாயிருக்கும். இரண்டாவது பேச்சு, அந்த வீட்டில் கலாசாலைப் படிப்பை முடித்திருக்கும் பையனையோ பெண்ணையோ பற்றியதாயிருக்கும். முதற் பேச்சு இனிப்பாகவே முடியும். இரண்டாவது பேச்சு அப்படி முடிவதில்லை. "பி.எஸ்ஸி. தேறிவிட்டான் ஸார். இனிமேல் என்ன செய்யலாம்?" என்று தகப்பனார் கேட்பார். பையன் கைப்பேசியை விட்டுத் தலை நிமிரமாட்டான். தாயார் கதவோரம் நின்றபடி, உபாத்தியாயர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருப்பாள்.

இந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் மூன்று வருஷம் பிந்திக் கேட்கிறார்கள். கலாசாலையில் காலடி வைத்த முதல் வருஷத்திலேயே கேட்டிருந்தால் பதில் சொல்வது எவ்வளவோ சுலபமாயிருக்கும்.

நம் பக்கத்தில் படிப்புக்குக் குறைவில்லை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி 1973-ல் ஏற்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் கலசலிங்கம் பெயரால் பொறியியற் கல்லூரி தோன்றி, பிறகு நிகர்நிலைச் சர்வகலாசாலையாகவே வளர்ந்துவிட்டது. 2013-ல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் மேற்படிப்புக்காக மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள். இப்போது படிப்பு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. உத்தியோகம் மட்டும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டது என்பது ஊரார் அபிப்பிராயம். அதில் எவ்வளவு உண்மை என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். பல வீடுகளில் சுவாமி படத்துக்குப் பின்னால் ஓர் அட்டை பத்திரமாயிருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துகொண்ட அட்டை அது. "பதிந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது, எப்படியும் கார்டு வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டு, வேறு முயற்சி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற வாலிபர்களை நான் அறிவேன்.

இந்த அலுவலகங்கள் பிறந்த கதையே சுவாரசியமானது. இரண்டாவது உலக யுத்தம் முடிவடைந்த 1945-ஆம் வருஷத்தில், பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக அவை ஏற்பட்டன. 1948-ல்தான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. 1956-ல் நிர்வாகம் ராஜ்ய சர்க்கார்களின் கைக்கு வந்தது. 1959-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சர்க்கார் காரியாலயங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களும், காலியிடங்களை இந்த அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். அறிவிக்கவேண்டும் என்றுதான் சொன்னதே தவிர, அங்கிருந்துதான் ஆள் எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை! பாதிச் சட்டம் மட்டும் நம் ஜனங்கள் காதில் விழுந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும், பதிவு அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் வாங்குவதோடு நில்லாமல் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கிற எல்லோரையும் பரிசீலிக்கவேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்ட 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அறிவிப்பது கடமை; ஆள் எடுப்பது முதலாளியின் இஷ்டம். உபாத்தியாயர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு மூப்பை நம்பிக் காத்திருந்தவர்களின் தலையில் 2012-ல் தகுதித் தேர்வு வந்து இறங்கியது. அந்த வருஷம் ஜூலையில் நடந்த முதற் பரீட்சையில் தேறியவர்கள் மிகச் சொற்பம்.

அட்டையைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கொரு தடவை தவறாமல் புதுப்பியுங்கள். ஆனால் அந்த அலுவலகத்தின் மெய்யான பிரயோஜனம் வேறிடத்தில் இருக்கிறது. ஜில்லா வேலைவாய்ப்பு அலுவலகங்களில் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்று ஒன்று நடக்கிறது. போட்டிப் பரீட்சைகளுக்கு அங்கே காசு வாங்காமல் பாடம் சொல்லித் தருகிறார்கள். தனியார் கம்பெனிகளை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். விருதுநகருக்குப் பஸ் ஏறினால் போதும். இருந்தும், இவற்றைத் தெரிந்துகொண்டு போகிறவர்களைவிட, டியூஷன் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பவர்களே அதிகம். இலவசமாய்க் கிடைப்பது மட்டமாய்த்தான் இருக்கும் என்பது நம் மத்தியதர வர்க்கத்துக்கு ஊறிப்போன எண்ணம்.

அடுத்தது சர்க்கார் உத்தியோக மோகம். இது இன்று நேற்று வந்ததல்ல. மாகாணங்களிலேயே முதன்முதலாக 1929-ல் சர்வீஸ் கமிஷன் அமைத்துக்கொண்ட பெருமை நம் சென்னைக்கு உண்டு. அன்று முதல் குமாஸ்தா நாற்காலியின் கவர்ச்சி குறையவேயில்லை. 2022-ல் குரூப் 4 பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்களோ ஏறக்குறைய 22 லட்சம் பேர்! ஓர் இடத்துக்கு முந்நூறு பேர் என்று ஆகிறது. இடங்களைப் பின்னர் கூட்டினார்கள். அப்படியும் இருநூறுக்கு மேல்தான். இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிட வேண்டியதில்லை. இருநூறு கேள்விகளில் நூறு கேள்வி தமிழில். பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தவனுக்கு அது பாதிக் கிணறு தாண்டியது மாதிரி. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை 150 ரூபாய் கட்டி நிரந்தரப் பதிவு செய்துகொண்டால் ஒவ்வொரு பரீட்சைக்கும் விவரங்களைத் திரும்பத் திரும்ப நிரப்பவேண்டாம். மத்திய சர்க்கார் பரீட்சைகளிலும் சிலவற்றை 2023 முதல் தமிழில் எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷுக்குப் பயந்து ஒதுங்கிய நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும். ஐ.ஏ.எஸ். முதனிலைப் பரீட்சைக்குத் தயாராகிறவர்களில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் உதவும் ஏற்பாட்டையும் 'நான் முதல்வன்' திட்டத்தில் 2023-ல் தொடங்கினார்கள்.

ஆனால் எந்தப் பரீட்சைக்கும் ஒரு கெடு வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு வருஷம் முழு மூச்சாகப் படிப்பது. கிடைக்காவிட்டால் வேலை ஒன்றில் அமர்ந்துகொண்டே படிப்பது. முப்பது வயதுவரை தகப்பனார் சம்பளத்தில் 'தயார் செய்துகொண்டிருப்பது' படிப்பாகாது.

இப்போது பொதிகை எக்ஸ்பிரஸ் விஷயத்துக்கு வருவோம். உத்தியோகமெல்லாம் சென்னையில்தானா?

1936-ல் ஸ்ரீ பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூற்பாலை ஸ்தாபித்தார். குமாஸ்தா வேலைக்கு மனுப் போடுவதுதான் படிப்பின் பயன் என்றிருந்த காலம் அது. இன்று ஊரைச் சுற்றி ஆலைகள் இருக்கின்றன. ஆனால் ஆலை என்றதும் நம் பட்டதாரிக்கு நினைவு வருவது சங்கும், பஞ்சுத் தூசியும், மூன்று ஷிப்டும்தான். உள்ளே என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். அறுபதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 28 மைலுக்கு மேல் நீளம் வரும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறக்குறைய இரண்டு தடவை போய்வருகிற தூரம்! அவ்வளவு நீளத்திலும் பருமன் மாறாமலிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு பரிசோதனைச் சாலை வேண்டும். பஞ்சின் நீளம், வலிமை, நுண்மை இவற்றை யந்திரத்தில் அளந்து கணக்குச் சொல்ல, பௌதிகம் படித்தவர் வேண்டும். பஞ்சு வாங்க, வெளிநாட்டுக்கு ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்க, பி.காம். படித்தவர் வேண்டும். மின்சாரம், யந்திரப் பராமரிப்பு என்று எடுத்தால் டிப்ளமோக்காரருக்கு ஓயாத வேலை.

ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கே தறிகளில் நெய்யப்படுகிறது. மருத்துவப் பஞ்சு தயாரிப்பும் நம் பகுதியில் உண்டு. காய்களிலிருந்து வந்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் மேல் மெழுகு போன்ற ஒரு பொருள் படிந்திருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அந்த மெழுகைப் போக்கி, வெளுத்து எடுத்தால்தான் அது இரத்தத்தை உறிஞ்சும். ஐந்து கிராம் பஞ்சைக் கம்பிக் கூடையில் வைத்துத் தண்ணீரில் விட்டால் பத்து விநாடிக்குள் அமிழ்ந்துவிடவேண்டும் என்பது விதி. இதைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவதற்கு ரசாயனம் படித்தவர் இல்லாமல் முடியாது.

என்னிடம் படித்த ஒரு பெண், தகப்பனார் தறிக்காரர். பி.எஸ்ஸி. ரசாயனத்தில் நல்ல மார்க்கு வாங்கி, மூன்று வருஷம் வீட்டிலிருந்தாள். வரன் பார்ப்பதும் பரீட்சை எழுதுவதுமாகக் காலம் போயிற்று. "தறிச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தானே படிக்க வைத்தேன், திரும்பவும் அங்கேயே அனுப்பச் சொல்கிறீர்களே, ஸார்?" என்று தகப்பனார் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் ஆதங்கம் நியாயமானதுதான். நாற்பது வருஷம் தறியடித்த மனிதர் அவர். ஆனால் தறியில் நிற்பதும், அந்தத் துணி மருந்துச் சட்டத்துக்கு ஒத்திருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதும் ஒன்றல்லவே! அந்தப் பெண் இப்போது ஒரு பஞ்சுத் தொழிற்சாலையின் பரிசோதனைச் சாலையில் இருக்கிறாள். சம்பளம் ஆரம்பத்தில் கொஞ்சந்தான். இரண்டு வருஷ அனுபவம் சேர்ந்தபின் மதுரை மருந்துக் கம்பெனிக்காரர்கள் கூப்பிடுகிறார்களாம். போவதா, வேண்டாமா என்று யோசிப்பது இப்போது அவள் முறை.

அனுபவமில்லாதவனுக்கு வேலையில்லை, வேலையில்லாதவனுக்கு அனுபவமில்லை என்கிற இந்தச் சக்கரத்தை உடைப்பதற்கு ஒரு வழி உண்டு. 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டம்தான் அது. முதலில் கைத்தொழில்களுக்கு மட்டும் இருந்த சட்டம், 1973-ல் பொறியியல் பட்டதாரிகளுக்கும், 2014-ல் பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கும் விரிந்தது. பட்டம் பெற்றவர்கள் ஒரு வருஷம் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம்; முடிவில் சென்னையிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும். இதில் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். 'பயிற்சி' என்ற பெயரை மாட்டி, இளம்பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்துக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' தமிழ்நாட்டு ஆலைகளில் நடந்ததை மறக்கக்கூடாது. எழுத்துமூலமான ஒப்பந்தம், சர்க்கார் இணையத்தளத்தில் பதிவு, இன்ன தேதியோடு முடியும் என்ற கெடு, இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பெற்றோர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கேட்டால் கோபிக்கிற இடத்துக்கு அனுப்பவேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்ததை எல்லோரும் கொண்டாடினார்கள். மெத்தச் சரி. ஆனால் 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூல் நிலையம் அதே ஊரில்தான் இருக்கிறது! திருநெல்வேலி ஜில்லாக் கலெக்டராயிருந்த துரையின் பெயரைத் தாங்கி, ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது அது. ராஜ்யத்தின் பழமையான வாசகசாலைகளில் ஒன்று. பென்ஷன்காரர்கள் பத்திரிகை புரட்டுகிற இடம் என்று வாலிபர்கள் நினைக்கவேண்டாம். வேலை விளம்பரங்களைத் தினம் ஒரு மணி நேரம் பார்த்துக் குறிப்பெடுக்கும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டில் கைப்பேசியில் தேடினால் விளம்பரம் ஒன்று வருவதற்குள் வேடிக்கைப் படம் பத்து வந்துவிடுகிறது.

கடைசியாக, வெளிநாட்டு வேலை. "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம், கை நிறையச் சம்பளம்" என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மர் எல்லைக்குள் கடத்தி, இணைய மோசடி செய்யும்படி அடைத்து வைத்தார்கள். அப்படிச் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவ்வளவும் படித்த பிள்ளைகளுக்கு விரித்த வலை. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் வரிக்கும் மிகக்கூடாது. மூன்று லட்சம், நாலு லட்சம் என்று கேட்கிறவர் எந்தச் சட்டத்தின்படி கேட்கிறார்? நகையை அடகு வைப்பதற்கு முன்னால் அவருடைய பதிவு எண்ணை வாங்கி 'இ-மைகிரேட்' என்ற சர்க்கார் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. எண் தரமாட்டேன் என்றால் அசல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.