தாண்டுகிறதுக்கு முன்னால் நிற்கப் பழகட்டும்

(வானொலியில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)

உழவு மாட்டைப் பழக்குகிற முறை நமக்குத் தெரிந்ததுதான். இளங்கன்றைப் பிடித்து வந்து ஒரேயடியாகக் கலப்பையில் பூட்ட மாட்டோம். முதலில் மூக்கணாங்கயிறு, அப்புறம் வெறும் நுகத்தடி, அதுக்கு அப்புறம் லேசான கட்டை ஒன்றை இழுக்க விடுவது என்று படிப்படியாகத்தான் போவோம். முற்றாத கன்றைப் பாரவண்டியில் பூட்டினால் அது காலம் பூராவும் உதவாமல் போய்விடும் என்று யாரும் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நாய்க்குட்டி விஷயத்தில் மட்டும் இந்த யோசனை நமக்கு வருவதில்லை. ஐந்து மாதக் குட்டி வேலியைத் தாண்டினால் கை தட்டுகிறோம். சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்தால் "சூரப்புலி" என்கிறோம். அது சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இதை ஏட்டில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு ராஜபாளையம் குட்டி வளர்ந்தது. வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஆறு மாதத்திலேயே கால் நீண்டு, பார்க்கிறவர்கள் கண் பட்டுவிடும் போல நின்றது. என் தம்பி மகன் ஒரு மூங்கிலை இரண்டு பையன்களைப் பிடிக்கச் சொல்லி, தினமும் சாயங்காலம் அதைத் தாண்ட வைப்பான். முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடி வேடிக்கை பார்க்கும். நானும் தடுக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள் காலையில் அது முன்னங்காலை ஊன்றாமல் நின்றது. சுளுக்கு என்று எண்ணெய் தடவினோம். பத்து நாள் அப்படியே போயிற்று. கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனபோது, "எலும்பு வளருகிற இடத்திலேயே அடிபட்டிருக்கிறது. இனிமேல் இந்தக் கால் கோணலாகத்தான் வளரும்" என்றார். அப்படியே ஆயிற்று. ஒன்பது வருஷம் அந்த நாய் எங்களோடு இருந்தது. ஒருநாளும் நாலு வரப்பு சேர்ந்தாற்போல் ஓடியதில்லை. தப்பு நாய் மேல் இல்லை, பிள்ளை மேலும் இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்த என் மேல்தான்.

எலும்பின் குருத்து

குட்டியின் கால் எலும்பு எங்கே வளருகிறது என்று பாருங்கள். நடுவில் இல்லை. இரண்டு நுனிக்குப் பக்கத்திலும் குருத்தெலும்பாலான மெல்லிய பகுதி ஒன்று இருக்கிறது. அங்கேதான் எலும்பு நீளுகிறது. தென்னைக்குக் குருத்து எப்படியோ, கால் எலும்புக்கு இது அப்படி. குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்தால் வருகிற மட்டை எல்லாம் எப்படி வெட்டுப்பட்டு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எலும்பின் குருத்து நசுங்கினாலும் அதே கதிதான். ஒரு பக்கம் வளர்ந்து மறு பக்கம் வளராமல் நிற்கும். கால் கோணிப்போகும்.

நடுத்தர உடம்புள்ள நாய்க்கு இந்தக் குருத்து ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முற்றி எலும்பாகிவிடும். ராஜபாளையம் போன்ற பெரிய உடம்புக்கு 18 மாதம்கூட ஆகலாம். தாண்டும்போது முக்கியமான ஆபத்து மேலே எழும்பும்போது இல்லை, கீழே இறங்கும்போதுதான். அந்த நேரத்தில் உடம்பின் பாரமும் வேகமும் சேர்ந்து முன்னங்கால் இரண்டிலும் விழுகிறது.

விளையாட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

நாயைத் தாண்ட வைப்பதையே ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1978-ஆம் ஆண்டு லண்டனில், கிரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் சனங்களுக்குப் பொழுது போகட்டும் என்று இதை முதல்முதலாகக் காட்டினார்கள். குதிரைகள் தடை தாண்டுகிற பந்தயத்தைப் பார்த்துச் செய்தது. தடைகளைத் தாண்டுவது, உயரமான பலகையில் நடப்பது, ஏற்றமரம் போல ஏறி இறங்குகிற பலகையில் போவது, குழாய்க்குள் நுழைந்து வெளியே வருவது, வரிசையாக நட்ட குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவது, இவ்வளவும் அதில் உண்டு. அஜிலிட்டி என்று பெயர். 1980-ல் அந்த நாட்டுக் கென்னல் கிளப் இதற்கு விதிமுறை வகுத்து அங்கீகாரம் கொடுத்தது. இன்றைக்கு உலகத்தில் பல நாடுகளில் நடக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 18 மாதம் ஆகாத நாயை அங்கே போட்டியில் இறக்க விதி இடம் கொடுக்காது. அப்படியென்றால் அதுவரைக்கும் சும்மா கட்டிப் போட்டிருப்பார்களா? இல்லை. அந்தக் காலம் முழுக்க அஸ்திவாரப் பயிற்சி கொடுப்பார்கள். எல்லாம் தரையோடு தரையாக. நமக்கு வேண்டியதும் அதுதான். நமக்குப் போட்டி வேண்டாம். வரப்பில் தவறாமல் நடக்கிற, கூப்பிட்ட உடனே திரும்புகிற, கிணற்று மேட்டில் நிற்கத் தெரிந்த காவல் நாய் வேண்டும்.

எப்போது, எவ்வளவு நேரம்?

குட்டிக்கு எட்டு வாரம் ஆனதிலிருந்தே தொடங்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகு சாயங்காலமும் செய்யுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் ஐந்து நிமிஷம் போதும். குட்டி இன்னும் ஆசையாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

கையில் கொண்டைக்கடலை அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக வேகவைத்த முட்டையோ, கறியோ, ஈரலோ வைத்துக்கொள்ளுங்கள். மசாலாவும் வெங்காயமும் சேரக்கூடாது. வெங்காயம் நாய்க்கு ஆகாது. சொன்னதைச் செய்த அந்த நொடியே துண்டு வாய்க்குப் போக வேண்டும். தாமதித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்கு விளங்காது.

ஏழு பயிற்சிகள்

ஒன்று: பேர் சொன்னால் பார்ப்பது. பேரை ஒரே ஒரு தரம் கூப்பிடுங்கள். திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்ததும் துண்டு கொடுங்கள். "மணி, மணி, மணி" என்று பத்துத் தரம் கத்தினால், பத்தாவது தரத்துக்குத்தான் திரும்ப வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.

இரண்டு: "வா". களத்து மேட்டில் இரண்டு பேர் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு மாறி மாறிக் கூப்பிடுங்கள். வந்ததும் துண்டும் தட்டிக்கொடுப்பும். நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுங்கள். "வா" என்று கூப்பிட்டு ஒருநாளும் அடிக்காதீர்கள், கட்டியும் போடாதீர்கள். நாய் பாம்பைக் கண்டால் விடாது. அந்த நேரத்தில் "வா" என்ற சொல்லுக்குத் திரும்புகிற நாய்தான் பிழைக்கும்.

மூன்று: "தொடு". உள்ளங்கையைக் குட்டியின் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டுங்கள். அது மூக்கால் தொட்டதும் துண்டு. பிறகு கையை இடது பக்கம், வலது பக்கம் என்று நகர்த்துங்கள். இது பழகிவிட்டால் கயிற்றைப் பிடித்து இழுக்காமலேயே குட்டியை வேண்டிய இடத்துக்குக் கொண்டு போகலாம். மற்றப் பயிற்சிக்கெல்லாம் இதுதான் சாவி.

நான்கு: மூங்கில் நடை. நாய்க்கு முன்னங்கால் போகிற இடம் தெரியும். பின்னங்கால் ஒன்று உண்டு என்பதே பல குட்டிகளுக்கு நினைப்பில் இராது. ஐந்தாறு மூங்கில் கழிகளைத் தரையில் படுக்க வைத்து, ஒன்றுக்கொன்று குட்டியின் தோள் உயரம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி விடுங்கள். உருளாமல் பக்கத்தில் கல் கொடுங்கள். கையைக் காட்டி மெதுவாக நடத்திக்கொண்டு போங்கள். ஓடக்கூடாது. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். கழியைத் தூக்கி உயரத்தில் கட்ட வேண்டாம்.

ஐந்து: பலகை நடை. ஒரு அடி அகலப் பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் நடத்துங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல் படுக்கையாக வையுங்கள். அதற்கு மேல் உயரம் வேண்டாம். பலகை முடிகிற இடத்தில் முன்னங்கால் தரையிலும் பின்னங்கால் பலகையிலுமாக நிறுத்தித் துண்டு கொடுங்கள். பாதியில் குதித்து இறங்குகிற பழக்கம் இதனால் வராது. பிறகு பலகைக்கு அடியில் பாதி மணல் நிரப்பிய சாக்கு ஒன்றை வைத்து லேசாக ஆட விடுங்கள். காலுக்குக் கீழே ஆடினாலும் பயப்படாத நாய்தான் நாளைக்கு வாய்க்கால் பாலத்தில் கலங்காமல் நடக்கும்.

ஆறு: சாக்குக் குகை. கோணிச் சாக்கின் அடிப்பக்கத்தை அறுத்துவிட்டு இரண்டு பேர் இரு பக்கமும் வாயை விரித்துப் பிடியுங்கள். முதலில் ஒரு சாண் நீளத்துக்குச் சுருட்டிக்கொண்டு குட்டியை அழையுங்கள். தைரியம் வர வர நீளத்தை விடுங்கள். உள்ளே தள்ளிவிட வேண்டாம். தானாக நுழைந்ததுதான் மனதில் நிற்கும்.

ஏழு: "இரு". சோற்றுத் தட்டைக் கீழே வைக்கும்போது குட்டி பாய்ந்தால் தட்டை மேலே தூக்கிவிடுங்கள். நின்றால் இறக்குங்கள். நாலு நாளில் விளங்கிக்கொள்ளும். அப்புறம் கேட்டு வாசலிலும், ரோட்டோரத்திலும், கிணற்று மேட்டிலும் அதே சொல்லைப் பழக்குங்கள். லாரி வருகிற ரோட்டில் இந்த ஒரு சொல் ஒரு உயிருக்குச் சமம்.

"மாப்பிள்ளை, நாய்க்குப் பள்ளிக்கூடமா நடத்துகிறாய்?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். "மாமா, உங்கள் காளைக்கு நீங்கள் நடத்தினீர்களே, அதுதான் இது" என்றேன். சிரித்துவிட்டு, மறுநாள் தன் பேரனை அனுப்பி வைத்தார்.

செய்யக்கூடாதவை

ஒரு வருஷம் வரைக்கும், பெரிய உடம்பு நாயானால் 18 மாதம் வரைக்கும், வேலியோ சுவரோ தாண்ட விடாதீர்கள். திண்ணையிலிருந்தும் வண்டியிலிருந்தும் குதிக்க விடாமல் கையில் தூக்கி இறக்குங்கள். பைக்குக்குப் பின்னால் ஓட விடாதீர்கள். வழுக்குகிற சிமெண்டுத் தரையில் பந்து போட்டுத் துரத்த வைக்காதீர்கள். அதிகம் தின்ன வைத்துக் கொழுக்க விடாதீர்கள். பாரம் கூடினால் காலுக்குத்தான் கஷ்டம். குட்டி தானாக மண் தரையில் ஓடி விளையாடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. களைத்தால் அதுவே படுத்துக்கொள்ளும். நாம் கட்டாயப்படுத்துவதில்தான் கெடுதல்.

கால் நொண்டினால் எண்ணெய் தடவிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். மறுநாளே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு வருஷா வருஷம் மறக்காமல் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் நாய்கள் பல, வேட்டைக்கென்று வளர்ந்த வம்சம். ஆனால் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நாயை விட்டு முயல் பிடிப்பதும் குற்றம். அந்த ஓட்டத்தையும் சுறுசுறுப்பையும் காவலுக்குத் திருப்புங்கள். ஆட்டுக் கிடைக்கும் தோட்டத்துக்கும் அது போதும்.

காலம் வந்த பிறகு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, முழங்காலுக்குக் கீழ் உயரத்தில் மெதுவாகத் தாண்டத் தொடங்கலாம். ஒரு வருஷம் தரையில் பழகிய நாய்க்கு அதன் பிறகு தாண்டச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலை இல்லை. எங்கே காலை வைப்பது, எப்போது நிற்பது என்று அதற்கே தெரியும்.

இப்போது எங்கள் தோட்டத்தில் வேறொரு குட்டி வளருகிறது. வயது எட்டு மாதம். போன வாரம் வாய்க்கால் பலகையில் நாலு காலையும் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்து, முடிகிற இடத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தது. தம்பி மகன்தான் துண்டு கொடுத்தான். மூங்கில் இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. தரையில் கிடக்கிறது.