பொட்டலக் கல்வியில் ஆலையும் ஆய்வுக்கூடமும்

கடையில் வாங்கும் காப்பித்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு ஒரே தாள்போல் தோன்றினும், பெரும்பாலும் அது மூன்று படலங்களின் சேர்க்கையாகும். வெளிப்புறத்திலுள்ள பாலியெஸ்டர் அச்செழுத்தைத் தாங்கி வலிமையளிக்கிறது. நடுவிலுள்ள அலுமினியம் ஈரம், பிராணவாயு, ஒளி ஆகிய மூன்றையும் தடுக்கிறது. உட்புறத்திலுள்ள பாலிஎத்திலீன் சூட்டில் இளகி ஒட்டிக்கொண்டு பொட்டலத்தின் வாயை மூடுகிறது. இதனால் தூள் பல மாதங்கள் மணம் குன்றாதிருக்கிறது.

தூள் தீர்ந்ததும் இச்சேர்க்கையே தொல்லையாகிறது. பாலிஎத்திலீன் 110 முதல் 130 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உருகும். பாலியெஸ்டர் உருகுவதற்கோ ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும். உருகினாலும் இவை ஒன்றோடொன்று கலவா. ஆகவே இத்தகைய பொட்டலங்களில் பெரும்பகுதி குப்பைமேட்டையோ சிமெண்டுச் சூளையையோ சென்றடைகிறது.

இதற்குப் பரிகாரமாக, எல்லாப் படலங்களையும் பாலிஎத்திலீனாலேயே அமைத்து, மிக மெல்லிய தடுப்புப் பூச்சு ஒன்றைச் சேர்க்கும் முறை தோன்றியுள்ளது. ஆய்வுக்கூடத்தில் இது தேர்வு பெறலாம். ஆலையிலோ வேறொரு சங்கடம் எழுகிறது. பொட்டலத்தின் வாயை அழுத்தி ஒட்டும் சூடான தாடைகள் பாலியெஸ்டரை உருக்குவதில்லை. புதிய தாளிலோ, உட்புறம் ஒட்டுவதற்குள் வெளிப்புறமும் சுருங்கத் தொடங்குகிறது. சூடு, அழுத்தம், நேரம் மூன்றையும் நுட்பமாகத் திருத்த வேண்டும். சில வேளைகளில் யந்திரத்தின் வேகத்தையும் குறைக்க நேரிடும். இவ்வறிவு யந்திரத்தின் அருகே நின்று பெறுவது. ஒட்டிய தாளினூடே எவ்வளவு பிராணவாயு நுழைகிறது என்பதை அளந்து கூறுவதோ ஆய்வுக்கூடத்தின் பணி. மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

இவ்விணைப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. பம்பாயில் 1966-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆப் பேக்கேஜிங், பொட்டலத் தொழில் துறையினரும் மத்திய வர்த்தக அமைச்சகமும் சேர்ந்து தோற்றுவித்ததே. சென்னை, டில்லி, கல்கத்தா, ஐதராபாத் நகரங்களிலும் அதன் கிளைகள் உள்ளன. பட்டதாரிகளுக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை நடத்துவதோடு, ஆலைகள் அனுப்பும் பொட்டலங்களையும் அது சோதித்துத் தருகிறது. 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் உணவுப் பொட்டலங்களை ஆராய்ந்து வருகிறது.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வெளிவந்தன. 2022 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள், உற்பத்தியாளரும் இறக்குமதி செய்வோரும் வணிகப்பெயர் உடையோரும் தம் பிளாஸ்டிக் பொட்டலக் கழிவுக்குப் பொறுப்பேற்கும் முறையை விரிவாக வகுத்தன. விலை மலிவா, வலிமை போதுமா என்று மட்டும் வினவிய ஆலை, பயன்பட்டபின் இத்தாள் எங்கே போகும் என்றும் இன்று வினவ வேண்டியுள்ளது.

எனினும் மறுசுழற்சி ஒன்றையே நாடிப் பாதுகாப்பைக் கைவிடலாகாது. உள்ளிருக்கும் உணவு கெட்டால், அதை விளைவித்த நீரும் எரிபொருளும் உழைப்பும் வீணாகும். இவ்விரு நட்டங்களையும் நிறுத்துப் பார்க்கப் பழக்குவதே பொட்டலக் கல்வியின் சாரம்.

ஆலையைச் சுற்றிக் காட்டி மாணவரை அனுப்பிவிடுவதால் இப்பழக்கம் வாராது. தன் உண்மையான இடர்ப்பாடு ஒன்றை ஆலை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். தொழில் இரகசியத்தைக் காக்க ஆலை விரும்பும்; கண்டதை வெளியிடக் கல்விக்கூடம் விரும்பும். எதை மறைப்பது, எதை வெளியிடுவது என்பதை முதலிலேயே எழுதி உடன்படுதல் நன்று. தோற்றுப்போன சோதனைகளையேனும் வெளியிட இசைந்தால், அடுத்த மாணவர் அதே தவற்றில் காலம் போக்கமாட்டார்.