கொடைக்கானல் குளத்துக்கு ஒரு ஹீட் பம்ப்

கன்னிவாடியில் நீச்சல் குளத்துக்குச் சூடு எதுக்குன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா மேலே, 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் அது தேவை. ஹீட் பம்ப் என்பது திருப்பிப் போட்ட ஏ.சி.; வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும். இதமான காற்றில் 1 யூனிட் கரண்டுக்கு 4, 5 யூனிட் வெப்பம் கிடைக்கும். குளிர் கூடக் கூட அது குறையும், காயிலில் பனி படியும். மூடிய ஷெட்டுக்குள் வைத்தால் இன்னும் மோசம்: தான் ஊதிய குளிர்காற்றையே திரும்ப உறிஞ்சும்.

30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சரியான எர்த்திங்கும் இல்லாம ஸ்விட்சைப் போடாதீங்க. ஈர உடம்புக்குப் பக்கத்தில் மின்சாரம். இதில் சிக்கனம் வேண்டாம். சர்வீஸுக்கு முன் மெயினை ஆஃப் செய்து பூட்டுங்க. அப்பவும் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கும். ஆர்-32 வாயு தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். கசிவு உள்ள இடத்தில் பிரேசிங் டார்ச் கொளுத்தவே கூடாது.

பழசானதும்? பழைய இரும்புக் கடையில் குழாயை வெட்டினால் செம்பு கடைக்காரருக்கு, வாயு வானத்துக்கு. 1 கிலோ ஆர்-410ஏ, சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். 2021-ல் இந்தியா ஏற்ற கிகாலி திருத்தம் குறைக்கச் சொல்வதும் இந்த வகை வாயுக்களைத்தான். ரெகவரி மெஷின் வைத்து வாயுவைச் சிலிண்டரில் இறக்கிய பிறகே யூனிட்டைக் கழற்றி, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்க.