தபாலில் போட்ட செக் யார் கணக்கு?

வாங்கிய சரக்குக்குச் செக் எழுதி, கவரில் வைத்து, தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டோம். அது போய்ச் சேரவில்லை. கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? வணிகப் பெருமக்களில் பலர் இக்கேள்வியைக் கேட்டே இருக்கமாட்டார்கள். நாமும் 1996-ம் ஆண்டு வரை கேட்டதில்லை.

நமது கடைக்கு மல்லியும் வத்தலும் துவரம்பருப்பும் விருதுநகர் மண்டி ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்தன. தகப்பனார் காலத்துத் தொடர்பு. சரக்கு லாரி ஆபீசில் வந்து இறங்கும். பில் தபாலில் வரும். முப்பது நாளில் நாம் செக் அனுப்புவோம். வந்து சேர்ந்ததற்கு மண்டியிலிருந்து ஒரு கார்டு வரும். வெளியூர்ச் செக் வசூலாக வாரக் கணக்கில் ஆகும் என்பதால் டிராப்ட்தான் வேண்டும் என்று கேட்கும் மண்டிகளே அன்று அதிகம். நம்மிடம் செக் வாங்கிக்கொண்டார்கள் என்பதே ஒரு மரியாதைதான்.

அந்த ஆண்டு புரட்டாசியில் ரூ.18,640-க்குச் செக் எழுதினோம். கணக்கப்பிள்ளை அதைச் சாதாரணக் கவரில் வைத்துக் கடைக்கு எதிரே இருந்த தபால் பெட்டியில் போட்டார். பேரேட்டில் பற்றும் எழுதியாயிற்று. மூன்று வாரம் கழித்து ஞாபகக் கார்டு வந்தது. அனுப்பிவிட்டோம் என்று பதில் போட்டோம். பிறகு போன் வந்தது.

"அண்ணாச்சி, செக் போட்டாச்சு போட்டாச்சுன்னு நீங்களும் எழுதுறீங்க. இங்க தபால்காரர் தெனமும் வாராரு. உங்க கவரு மட்டும் வரலையே?"

மண்டிக்காரர் குரலில் கோபம் இல்லை. அதுதான் நமக்கு உறுத்தியது. "செக் தபாலில் போட்டாச்சு" என்பது எவ்வளவு பழைய சாக்கு என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணம் புரளாத மாதங்களில் நாமும் ஓரிரு முறை அதைச் சொல்லித் தப்பித்ததுண்டு. உண்மையாகவே போட்டபோது அதே வார்த்தையைத்தான் நாம் சொல்ல வேண்டியிருந்தது.

தபால் நிலையத்துக்குப் போனோம். "ரிஜிஸ்தரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. போட்டதற்கு என்ன அத்தாட்சி என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அக்காலத்தில் சில்லறைக் காசு கொடுத்தால் கவரைத் தபாலில் சேர்த்ததற்கு முத்திரை குத்திய சான்று தருவார்கள். அதையும் நாம் வாங்கவில்லை. (அந்தச் சான்று முறை 2011-ல் நிறுத்தப்பட்டது. பதிவுத் தபாலும் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது.)

அடுத்து பாங்கு. செக் மாற்றப்பட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் நடந்தோம். மாற்றப்படவில்லை. பணம் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம், அதற்கும் கட்டணம் பிடித்தார்கள். தொலைத்தது நாமல்ல, கட்டணம் மட்டும் நமக்கு! மண்டிக்காரர் இரண்டாவது செக்கை ஏற்கவில்லை. கடைப் பையனிடம் ரொக்கத்தைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்து இராத்திரி பஸ்ஸில் அனுப்பினோம். தீபாவளிச் சரக்கு முழுவதும் முன்பணத்துக்குத்தான் வந்தது. தவணை திரும்பக் கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆயின. கடைசிவரை அந்தக் கவர் கிடைக்கவில்லை. எங்கே தொலைந்தது என்பதும் தெரியாது.

தபால் நிலையத்தார் கைவிரித்ததைச் சோம்பேறித்தனம் என்றே நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தோம். சட்டமே அப்படித்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1898-ம் ஆண்டு இந்தியத் தபால் நிலையச் சட்டத்தின் 6-ம் பிரிவு, தபால் தொலைந்தாலும், மாறிப்போனாலும், தாமதமானாலும், அரசு தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்றது. ஊழியர் வேண்டுமென்றோ மோசடியாகவோ செய்திருந்தால்தான் அவர்மேல் பொறுப்பு விழும். அச்சட்டம் போய் 2023-ம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆகவே சாதாரணத் தபாலில் போகும் கவர் தொலைந்தால் தபால் இலாகாவிடம் நஷ்டம் கேட்க வழியில்லை. நஷ்டம் அனுப்பியவருக்கும் பெற வேண்டியவருக்கும் இடையில்தான் விழ வேண்டும்.

யார் மேல்? 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 50-வது பிரிவு, பணம் பெற வேண்டியவர் எந்த முறையில் கொடுக்கச் சொல்கிறாரோ அந்த முறையில் கொடுத்தால் போதும் என்கிறது. அதற்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. நூறு ரூபாய் பாக்கிக்காரரிடம், நோட்டைத் தபாலில் அனுப்பு என்று கடன் கொடுத்தவர் சொல்கிறார். சரியான விலாசமிட்டுத் தபாலில் சேர்த்த அந்த நொடியிலேயே கடன் தீர்ந்துவிடுகிறது.

செக்குக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி ஒரு லாந்தர் விளக்குக் கம்பெனியின் வருமானவரி வழக்கில் வந்தது. ஔந்த் சமஸ்தானத்தில் இருந்த ஓகலே கிளாஸ் ஒர்க்ஸ் இந்திய அரசுக்கு விளக்குகள் விற்றது. பம்பாய் பாங்கு ஒன்றின்மேல் தங்கள் பெயருக்குச் செக் அனுப்பும்படி பில்லில் கேட்டிருந்தது. அரசு டில்லியில் செக்கைத் தபாலில் சேர்த்தது. பணம் டில்லியில் பெறப்பட்டதா, சமஸ்தானத்தில் பெறப்பட்டதா என்பதைப் பொறுத்து வரி. அந்தச் சூழ்நிலையில் செக் அனுப்பு என்றாலே தபாலில் அனுப்பு என்றுதான் பொருள், எனவே தபால் நிலையம் கேட்டவரின் ஏஜெண்டு, டில்லியில் தபாலில் சேர்த்தபோதே பணம் பெற்றாயிற்று என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. யாரும் கேட்காமல் நாமாக அனுப்பினால் தபால் நிலையம் நம்முடைய ஏஜெண்டு. அப்போது வழியில் நேர்வது நம் பாடு.

இதைப் படித்த பிறகு பழைய மண்டி பில்களை எடுத்துப் பார்த்தோம். அடியில் சிறு எழுத்தில், தொகையைச் செக் அல்லது டிராப்ட் மூலம் அனுப்பி வைக்கவும் என்று இருந்தது! அதைக் காட்டி வாதாடியிருக்கலாம். ஆனால் தொலைந்த நோட்டு வேறு, தொலைந்த செக் வேறு. செக் மாற்றப்படாதவரை பணம் நம் கணக்கிலேயே இருக்கிறது. இன்னொன்று எழுதிக் கொடுப்பதுதான் நியாயம். செலாவணி முறிச் சட்டத்தின் 45ஏ பிரிவும், தொலைத்தவர் கேட்டால் நகல் தர வேண்டும் என்கிறது. பழையதும் மாற்றப்பட்டால் நஷ்டம் ஈடு செய்வதாக உறுதி கேட்டு வாங்கும் உரிமை செக் எழுதியவருக்கு உண்டு. வழக்குக்கு வேலை வருவது இடையில் எவனாவது செக்கை மாற்றிக்கொண்டால்தான்.

இன்றும் செக்கைத் தபாலில் அனுப்புகிற உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தை. இரட்டைக் கோடிட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதாத செக் கவருக்குள் போகவே கூடாது. அப்படி எழுதியதை வேறு பெயருக்கு வரவு வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கு உத்தரவு. 2021 முதல் ரூ.50,000-க்கு மேற்பட்ட செக்குகளின் விவரத்தை முன்கூட்டியே பாங்குக்குத் தெரிவிக்கும் 'பாசிட்டிவ் பே' ஏற்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பெயரையோ தொகையையோ திருத்தியவன் அகப்படுவான். செக்கின் ஆயுள் 2012 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதமல்ல, மூன்று மாதம். ஆகவே பதில் வராத கவரை மறந்துவிட்டு உட்காரக் கூடாது. இன்னொன்று: பணம் தர வேண்டாம் என்று பாங்குக்கு எழுதினால் அதோடு நிம்மதி என்று நினைக்கக் கூடாது. அப்படி நிறுத்திய செக்குக்கும் 138-வது பிரிவு வழக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் கூறியிருக்கிறது. கணக்கில் போதிய பணம் இருக்கட்டும். நிறுத்திய காரணத்தை எதிராளிக்கும் எழுத்தில் தெரிவித்து, பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது அந்த மண்டியை மகன் நடத்துகிறார். நாமும் பாங்கு மூலம் நேரே பணம் மாற்றி, யு.டி.ஆர். எண்ணை அவருக்குத் தெரிவித்துவிடுகிறோம். அவருடைய பில்லின் அடியில் சென்ற ஆண்டு முதல் வேறு வாசகம் இருக்கிறது: செக்கைத் தபாலில் அனுப்ப வேண்டாம், கீழ்க்கண்ட கணக்கில் மட்டும் செலுத்தவும், செலுத்தியதற்கு எங்கள் ரசீது வராவிட்டால் ஏழு நாளில் தெரிவிக்கவும். அந்த மூன்றாவது வரியை நாம்தான் சொல்லிச் சேர்க்கச் செய்தோம். தங்கள் பில் புத்தகத்தில் அச்சிட விரும்புவோர் நமது சங்க அலுவலகத்தில் மாதிரியைப் பெற்றுக்கொள்ளலாம்.