திறக்காத சிப்பியின் கணக்கு

பிளஸ் ஒன் கணக்கில் நிபந்தனை நிகழ்தகவு என்றாலே பெட்டிக்குள் பந்து, இல்லாவிட்டால் சீட்டுக்கட்டு. தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையில் இருக்கும் புதுக்கோட்டைப் பிள்ளைகளும் (சமஸ்தானப் புதுக்கோட்டை வேறு) அந்தப் பந்துகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடற்கரை. அங்கே இதே கணக்கைக் கைக்காசை வைத்துப் போட்டவர்கள் உண்டு: முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், சிப்பி ஏலம் எடுத்த வியாபாரிகள்.

அரசு தன் பங்குச் சிப்பியைத் திறக்காமலே, ஆயிரத்துக்கு இன்ன விலை என்று ஏலம் விடும். எடுத்தவர் அதை அழுகவிட்டு, கழுவி, அரித்த பிறகுதான் உள்ளே இருந்தது தெரியும். ஏலக்களத்தில் கண்ணில் படுவது ஓட்டின் அளவு மட்டுமே. நல்ல முத்து விளைய சிப்பிக்கு நாலைந்து வயதாவது ஆக வேண்டும். ஆகவே ஓடு பெரிதான, முற்றிய சிப்பிக்குக் கிராக்கி.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் என் கற்பனை. ஆயிரம் சிப்பியில் 300 முற்றியவை, 700 இளசு. முற்றியதில் நூற்றுக்கு 20இல் முத்து, இளசில் நூற்றுக்கு 2இல். அப்படியானால் முற்றியதில் 60, இளசில் 14, மொத்தம் 74 முத்துள்ள சிப்பிகள்.

தரகர் வியாபாரியிடம் சொல்கிறார்: "முத்து கிடைச்ச சிப்பியில நூத்துக்கு எண்பது முத்துனதுதான் அண்ணாச்சி." பொய்யே இல்லை. 74இல் 60 என்றால் 81 சதவீதம். ஆனால் அண்ணாச்சி காதில் அது 'முற்றிய சிப்பியில் நூற்றுக்கு எண்பதில் முத்து' என்று விழுந்தால் தொலைந்தார். 300க்கு 240 கிடைக்கும் என்று விலை கேட்பார், கிடைப்பது 60. முதல் வாக்கியம் முத்துள்ளவற்றை மட்டும் குவித்து எண்ணுகிறது. அவர் வாங்கப்போவது முற்றியவற்றின் குவியல். வகுத்தலில் கீழே எந்தக் குவியல் வருகிறது என்பதை முதலில் பிடித்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். முத்துள்ளதில் எத்தனை முற்றியது, முற்றியதில் எத்தனை முத்துள்ளது என்ற இரண்டு கேள்விகளையும் இணைக்கும் பேயிஸ் தேற்றம் 1763இல் அச்சேறியது, பேயிஸ் இறந்த பிறகு.

சலாபம் அறிவிக்குமுன் அரசும் இப்படித்தான் யோசித்தது. பாரிலிருந்து (கடலடியில் சிப்பி விளையும் திட்டு) மாதிரிச் சிப்பி எடுத்து, கழுவி, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போடுவார்கள். அந்த மதிப்பு அந்தப் பாருக்குத்தான் செல்லும். பக்கத்துப் பாரின் சிப்பி வேறு வயதாக இருக்கலாம்.

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய சலாபம் நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சுவாமி, வேப்பலோடையில் சிப்பிக்குள் சிறு மணியைக் கருவாக வைத்து உருண்டை முத்து வளர்த்துக் காட்டினார். எந்தச் சிப்பியில் முத்து என்று தேடும் வேலை அதோடு போயிற்று. கணக்கு போகவில்லை: கரு வைத்ததில் எத்தனை பிழைக்கும், பிழைத்ததில் எத்தனை கருவைத் துப்பாமல் வைத்திருக்கும், வைத்திருந்ததில் எத்தனை விலைபோகும்? மூன்று விகிதங்களையும் பெருக்கினால்தான் பண்ணைக்காரருக்கு வரவு தெரியும்.