வரிக் கணக்கில் பிள்ளைகளைக் காணோம்

ஜனவரி பிறந்தால் தாம்பரம், குரோம்பேட்டை, செலையூர் வீடுகளில் பீரோ மேல்தட்டிலிருந்து ஒரு ஃபைல் இறங்கும். அலுவலகத்தில் வருமான வரிக்கு ‘ப்ரூஃப்’ கேட்கும் மாதம் அது. வாடகை ரசீது, எல்.ஐ.சி. ரசீது, அவற்றோடு பிள்ளைகளின் பள்ளிக்கூட ரசீது. 2025-26 கணக்கில், கழிவுகள் உள்ள பழைய வரி முறைப்படி, 80சி பிரிவில் இரண்டு பிள்ளைகள் வரை டியூஷன் ஃபீஸைக் காட்டிக்கொள்ளலாம். ப்ளே ஸ்கூலோ கல்லூரியோ, இந்தியாவில் முழுநேரப் படிப்பாக இருந்தால் போதும். வேன் கட்டணமும் நன்கொடையும் மட்டும் சேராது.

தாம்பரம் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸில் வேலை பார்க்கும் பெருங்களத்தூர்ப் பெண் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “இந்த வருஷம் அந்த ஃபைலை நான் எடுக்கவே இல்லைங்க. நியூ ரெஜீம் போட்டாச்சு, டாக்ஸே வராதுன்னுட்டாங்க. பெரியவ பேர்ல கட்டிட்டிருந்த செல்வமகள் சேமிப்பையும் விட்டுட்டேன். கழிவே கிடைக்காதுங்கறப்ப எதுக்குக் கட்டணும்?” என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வரி வராது என்று அவரிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2025-26 கணக்கில் புதிய முறைப்படி 12 லட்சத்து 75 ஆயிரம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரி இல்லை. அதற்கு மேல் வாங்குகிறவர்களும் பழைய முறைக்குத் திரும்புவது கடினம். 14 லட்சம் சம்பளக்காரர் ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய முறை லாபமாக வேண்டுமானால் நிலையான கழிவு 50,000 உட்பட ஏறக்குறைய 5 லட்சத்து 70 ஆயிரத்துக்குக் கழிவு காட்ட வேண்டும். 80சியின் மொத்த உச்சவரம்போ ஒன்றரை லட்சம்தான். பி.எஃப்., எல்.ஐ.சி., வீட்டுக்கடன் அசல், பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த ஒரே கூடைக்குள் அடங்க வேண்டும். 2014-ல் வைத்த வரம்பு அது. பள்ளிக் கட்டணம் 2014-லேயே நின்றுவிட்டதா?

புதிய முறையில் அந்தக் கூடையே இல்லை. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் தனி ஆள், மற்றவர் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைப்பவர் என்றாலும் இருவருக்கும் ஒரே வரி. அமெரிக்காவில் குழந்தை ஒன்றுக்கு 2,200 டாலர் வரை வரியிலேயே குறைகிறது. இங்கே பழைய முறையிலும்கூட, சம்பளத்தோடு தரப்படும் கல்விப்படியில் 2025-26 கணக்கு வரை குழந்தைக்கு மாதம் 100 ரூபாய்க்குத்தான் விலக்கு இருந்தது. அதே மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு, தாம்பரம் ரயில்வேக்காரர்களும் விமானப்படைத் தளத்தின் சிவில் ஊழியர்களும் அவர்களில் உண்டு, குழந்தை ஒன்றுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு கல்விப்படி தருகிறது. ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க என்ன ஆகும் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை.

ரசீதும் கழிவும் இல்லாத எளிய கணக்கு என்று புதிய முறையை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். எளிமைதான்.

ஆனால் வரிக்குப் பயந்தாவது பிள்ளை பேரில் பணம் போட்ட பழக்கம் அறுந்துபோகிறதே, அதுதான் என் கவலை. மார்ச் கடைசியில் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று கட்டிய பணம் இப்போது எங்கே போகிறது? பெரும்பாலும் மாதத் தவணைகளில் கரைகிறது. 2015-ல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை, 15 ஆண்டுகள் கட்டலாம். வட்டி 8.2 சதவீதம். பெண்ணுக்குப் பதினெட்டு வயதானதும் இருப்பில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம்.

புதிய முறைக்கு மாறியவர்களில் பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. போடும் பணத்துக்கான கழிவு மட்டும்தான் போயிற்று. அந்தக் கணக்கின் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் புதிய முறையிலும் வரி இல்லை. இதைச் சொன்னதும் பெருங்களத்தூர்ப் பெண் சற்று நேரம் பேசவில்லை. “அப்போ நான் நிறுத்தினது தப்புதானே?” என்றார். தப்புதான். திருத்த முடிந்த தப்பு. விட்டுப்போன ஆண்டு ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தொகை 250, அபராதம் 50 கட்டினால் கணக்கு மறுபடி உயிர்பெறும்.

வீட்டுக்கடன் வட்டியும் பெரிய வாடகையும் உள்ளவர்கள் இரண்டு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் புதிய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் சம்பளக்காரர் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். கெடு தாண்டினால் முடியாது. அப்படி மாறுவதானால் பள்ளி ரசீதில் டியூஷன் ஃபீஸைத் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எந்த முறையில் இருந்தாலும் மகள் பேரில் போடும் பணத்தை நிறுத்தாதீர்கள். மாதம் ஐந்தாம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும்.